குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வீட்டில் தேறுவதும் விடாத வயிற்று வலியைப் பிரித்தறிவதும்

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் எனக்குக் காசநோய் வந்து, உள்வழி சுருங்கி, கடைசியில் குடல் அடைத்துக்கொண்டது. நம் நாட்டில் குடலுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம் அதுதான். வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இரண்டு சாண் நீளத்தையும் பெருங்குடலின் வலப்பகுதியையும் அகற்றி, மீதி இருந்த இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வயிறு பழைய வயிறாக ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த மாதங்களில் ஒவ்வொரு வலிக்கும் தையல் விட்டுவிட்டதோ, நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்கியிருக்கிறேன். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு நடு இரவிலும் கிளம்பிப் போக வேண்டும் என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். குடலின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு இப்போதுதான் வீடு திரும்பியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதற்கும் இங்கே இருப்பதற்கும் எங்காவது முரண் இருந்தால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உங்கள் வயிற்றுக்குள் பார்த்தவர் அவர்.

மருத்துவமனைக் கட்டிலிலேயே தொடங்க வேண்டியவை

வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டதும் குடல் சில நாள் அசைவற்றுப் போகிறது. சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மருத்துவர் வார்டுக்கு வரும்போதெல்லாம் "காற்று பிரிந்ததா?" என்று கேட்பது இதற்காகத்தான். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்து நீர் கொடுப்பதா, கஞ்சி கொடுப்பதா என்பதை முடிவு செய்ய அந்தப் பதில் உதவுகிறது.

முன்பெல்லாம் அறுவை முடிந்தவரைப் படுக்கவைத்துப் பல நாள் பட்டினி போட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது, சீக்கிரம் உணவு தொடங்குவது, மார்ஃபின் வகை வலி மருந்துகளைக் குறைப்பது ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பல மருத்துவமனைகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே அறுவை நடந்த மறுநாளே செவிலியர் எழுந்திருக்கச் சொன்னால் அது இரக்கமின்மை அல்ல. நடந்தால் நுரையீரலில் சளி தேங்காது, காலில் இரத்தம் உறையாது.

எழுந்திருக்க ஒரு முறை உண்டு. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலக் கூடாது. முழங்காலை மடித்து, உடலை ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையைத் தையலின்மேல் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை ஊதுவதற்கு என்று நினைத்து ஊதுபவர்களே அதிகம். நானும் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தேன். குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கும்போதுதான் பந்துகள் மேலே எழும்.

துளை வழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் சில நாள் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றை உப்பச் செய்யச் செலுத்திய கார்பன் டை ஆக்ஸைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்தத் தசைக்கு வரும் நரம்பின் வழி வலி தோளில் தெரிகிறது. அது தானாகவே அடங்கிவிடும்.

புறப்படும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்தப் பகுதி எடுக்கப்பட்டது, எத்தனை சென்டிமீட்டர், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வு இருக்கிறதா போய்விட்டதா, பயாப்ஸி முடிவு எப்போது வரும், தையலை அல்லது பின்னை எப்போது எடுப்பார்கள், இரவில் வலி வந்தால் யாரை அழைப்பது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது முதலில் தேவைப்படுவது இந்த விவரங்கள்தான். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

என்னைப் போலக் காசநோயால் அறுவை செய்துகொண்டவர்கள், நோய்ப் பகுதியை எடுத்துவிட்டார்களே, இனி மாத்திரை எதற்கு என்று நினைக்கக் கூடாது. அறுவை அடைப்பை நீக்கியது, அவ்வளவுதான். நோயை முடிப்பது ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது, 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், மருந்து கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் அஞ்ச வேண்டியவை

இந்தக் காலத்தில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது குடல் இணைப்பில் ஏற்படும் கசிவுக்கு. பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியை ஒட்டி அது வெளிப்படும். வீடு திரும்பிய பிறகும் வரலாம். நாளுக்கு நாள் குறைந்துவந்த வலி திடீரெனக் கூடுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நாடி வேகமாக ஓடுவது, வயிறு உப்பி இறுகுவது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்புவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே காலை வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்தாவது அறுவை செய்த மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

தையலின் ஓரம் சிவந்து சூடாகிச் சீழ் வடிந்தால் அதைக் காட்ட வேண்டும், ஆனால் அது உயிருக்கு உடனே ஆபத்தானதன்று. வேறொன்று ஆபத்தானது: தையலிலிருந்து இளஞ்சிவப்பு நீர் திடீரென ஊறி உடையை நனைத்தால், உள்ளே வயிற்றுச் சுவரின் தையல் பிரிந்துகொண்டிருக்கக்கூடும். சுத்தமான துணியை ஈரமாக்கி மூடி, படுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், நான்கு வாரம் வரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வதுண்டு. ஊசிக்குப் பயந்து அதை இடையில் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாடு

நம் வீடுகளில் நோயாளிக்கு நடக்கும் பெரிய தவறு இதில்தான். புளி சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் புண்ணை ஆறவிடாது, எலுமிச்சை ஆகாது என்று பத்தியம் விதித்து மூன்று வாரம் கஞ்சியும் பார்லித் தண்ணீரும் மட்டும் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், அத்தனை அன்போடு. அந்த மூன்று வாரத்தில் ஆறு கிலோ இளைத்தேன். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கிடுவார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம்தான். ஆகவே முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தயிர், நன்றாக மசித்த பாசிப்பருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

குறைக்க வேண்டியது சக்கையை. முதல் நான்கு முதல் ஆறு வாரம், இணைப்பு இருக்கும் இடம் வீங்கி வழி குறுகியிருக்கும் என்பதால், இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ரவைக் கஞ்சி, தோலும் விதையும் நீக்கி வேகவைத்த சுரைக்காய், பீர்க்கங்காய், கேரட் என்று இருப்பது நல்லது. முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, கொத்தவரங்காய், கீரைத்தண்டு, மக்காச்சோளம், சுண்டல், தேங்காய்த் துருவல், பனங்கிழங்கு, பலாப்பழம், ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். இவை திரண்டு நார்க்கட்டியாகிக் குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடியவை. ஏழாம் வாரம் பிள்ளையார் சதுர்த்தியன்று ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, விடியும் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீண்டும் சேர்க்கும்போது நாளுக்கு ஒன்றாக, இரண்டு கரண்டியாக, நன்றாக மென்று சேர்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்று புதிய பண்டம் சேர்த்தால், வலித்தது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட ஆறு வேளை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது குடலுக்கு எளிது. பால் குடித்தால் வயிறு பொருமினால் சில மாதம் தயிருக்கும் மோருக்கும் மாறிக்கொள்ளுங்கள். பேதியாகும் நாள்களில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது போதாது, உப்பும் வேண்டும், ஓ.ஆர்.எஸ். பொடியை அதன் உறையில் குறித்துள்ள அளவு நீரில் சரியாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் சிறுகுடலிலிருந்து பை வைத்தவர்களுக்கு, இது மிக முக்கியம். பையில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் சேர்ந்தால் உடல் வற்றுகிறது என்று பொருள், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மலச்சிக்கல் வந்தால் விளக்கெண்ணெயோ கடுக்காயோ கொடுத்துப் பேதியாக்க வீட்டுப் பெரியவர்கள் முயலக்கூடும். அன்பு கெடாமல் மறுத்துவிடுங்கள். எனிமாவும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகளே குடலைக் கட்டிவிடுகின்றன. அவற்றைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எடையும் வேலையும்

தோல் பத்து நாளில் மூடிக்கொள்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் வயிற்றுச் சுவர் தன் பழைய வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டவே மூன்று மாதம் ஆகிறது. இதை அறியாமல் எடை தூக்குவதும் தையல் வழியே குடலிறக்கம் வர ஒரு காரணமாகலாம். முதல் ஆறு வாரம் நான்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பிறகு 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கவிழ்ப்பார்கள், ஸ்கூட்டரை இழுத்து சென்டர் ஸ்டாண்டில் போடுவார்கள், கேஸ் சிலிண்டரை உருட்டி நிமிர்த்துவார்கள். குடம், ஈரத்துணி வாளி, மாவு அரைத்த கிரைண்டர் கல், இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை எல்லாமே எடைதான். குழந்தையை நீங்கள் தூக்காமல், உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். தரையில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாங்கி அதன்மேல் வைத்துக்கொண்டால் எழும்போது வயிறு இழுபடாது.

நடை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கூடலாம். வாசல் வரை, தெருமுனை வரை என்று நாளுக்கு நாள் நீட்டுங்கள். பிற்பகலில் காரணமே இல்லாமல் வரும் அயர்ச்சி இரண்டு மூன்று மாதம் இருக்கும். அது சோம்பல் அல்ல, வீட்டில் உள்ளவர்களும் அப்படி நினைக்கக் கூடாது.

மாதக்கணக்கில் தொடரும் வலி

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் சொல்ல விரும்பியது இதுதான். "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது. அந்தச் சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு வலிகள் இருக்கின்றன. எனவே முதல் வேலை, ஒரு குறிப்பேடு. எப்போது தொடங்கியது, எந்த இடம், ஒரு விரலால் தொட்டுக்காட்ட முடிகிறதா அல்லது உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறதா, விட்டுவிட்டு முறுக்குகிறதா அல்லது ஒரே சீராக எரிகிறதா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், காற்றும் மலமும் போயினவா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். எழுத எழுத உங்களுக்கே பாதி விளங்கிவிடும்.

ஒரு விரலால் காட்டக்கூடிய வலி, தழும்பை ஒட்டி, குனிந்தால், புரண்டால், இருமினால் சுருக்கென்று குத்தும் வலி பெரும்பாலும் குடலில் இருப்பதில்லை. வயிற்றுச் சுவரில் அறுபட்ட அல்லது தழும்பில் சிக்கிய நரம்பின் வலி அது. இதைக் கண்டறிய 1926ல் கார்னெட் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய சோதனை ஒன்றைக் கூறினார், இன்றும் மருத்துவர்கள் அதைச் செய்து பார்க்கிறார்கள். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே, தலையையும் தோளையும் சற்றுத் தூக்கச் சொல்வார்கள். வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளே இருக்கும் குடல் காக்கப்பட்டு வலி குறைந்தால், காரணம் உள்ளே இருக்கிறது. வலி குறையாமலோ கூடியோ இருந்தால், காரணம் சுவரில் இருக்கிறது. அப்படியானால் அந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போடுவது பலருக்கு நல்ல பலன் தருகிறது. எனக்கு ஐந்து மாதமாக இருந்த வலி இந்த வகைதான் என்று தெரிந்த அன்று, ஊசி போடும் முன்பே பாதி குறைந்துவிட்டது போலிருந்தது. நோய் திரும்பவில்லை என்ற நிம்மதியே ஒரு மருந்தாயிற்று.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிறு பொருமி, இரைந்து, காற்று பிரிந்ததும் விட்டுப்போகும் வலி, குடல் தன் புதிய நீளத்துக்குப் பழகும் வலி. மெதுவாக மென்று சாப்பிடுவது, சோடா வகைகளைத் தவிர்ப்பது, சாப்பிட்டபின் சிறு நடை, வெதுவெதுப்பான நீர்ப்பையை வயிற்றின்மேல் வைப்பது, இவை போதும். தழும்பைச் சுற்றி மரத்த இடம் இருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், ஆகவே துணி சுற்றி வையுங்கள். ஓமத் தண்ணீரும் பெருங்காயம் கலந்த மோரும் எனக்கு இதமாக இருந்தன. ஆனால் கீழே சொல்லப்போகும் அடைப்பு வலிக்கு அவற்றைக் கொடுத்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை இழந்தவர்களுக்கு, சாப்பிட்டவுடன் அவசரமாக, மஞ்சளாக, நீர் போல மலம் போய் ஆசனவாய் எரியலாம். பித்த உப்பில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வது அந்தக் கடைசிப் பகுதியில்தான். அது இல்லாதபோது பித்த உப்பு பெருங்குடலில் இறங்கி அதை உறுத்துகிறது. இதற்குக் கொலஸ்டிரமின் என்ற பொடி உண்டு. அது மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். மலக்குடலில் அறுவை செய்துகொண்டவர்களின் தொல்லை வேறு. அடுத்தடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, அடக்க முடியாமல் போவது ஆகியவை ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரை மெல்ல மெல்லக் குறையும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் லோபரமைடு மாத்திரையும் இதற்கு உதவுகின்றன. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுபவர்கள் பலர் என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

நின்றுகொண்டு இருமும்போது தழும்பின் அருகே புடைப்பு தெரிந்து, படுத்தால் உள்ளே போனால், அது குடலிறக்கம். அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். புடைப்பு இறுகி, உள்ளே போகாமல், வலித்தால் அன்றே போக வேண்டும்.

இனி ஒட்டுத்திசு. வயிற்றைத் திறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடல் சுருள்கள் ஒன்றோடொன்றோ வயிற்றுச் சுவரோடோ சிறிது ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலோர்க்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஆகவே எல்லா வலிக்கும் "ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று காரணம் சொல்லி, அதைப் பிரிக்க மறுபடி திறக்கலாம் என்று அவசரப்பட வேண்டாம். பிரித்த இடம் மீண்டும் ஒட்டும். ஆனால் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்தும், அந்த ஒட்டு குடலை மடக்கி அடைத்துவிடும். அதன் அடையாளங்கள் நான்கு, வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்: அலை அலையாய் முறுக்கும் வலி, வாந்தி, வயிறு உப்புதல், காற்றும் மலமும் நின்றுபோதல். இவை சேர்ந்து வந்தால் எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முறுக்கி முறுக்கி விட்ட வலி விடாத வலியாக மாறி, காய்ச்சலும் சேர்ந்தால் குடலுக்கு இரத்தம் போகாமல் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் வலி விடாதவர்களும் உண்டு. அவர்களிடம் "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசு" என்று சொல்வது கொடுமை. மாதக்கணக்கில் வலித்த குடலின் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரண அசைவையும் அவை வலியாகவே மூளைக்கு அனுப்புகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் மருத்துவர் எழுதினால், உங்களை மனநோயாளி என்று எண்ணிவிட்டார் எனக் கலங்காதீர்கள். அந்த அளவில் அது நரம்பை அமைதிப்படுத்துவதற்காகத் தரப்படுகிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மட்டும் மருந்துக் கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எடை குறைந்துகொண்டே போவது, மலத்தில் இரத்தம், மாலைக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால், ஸ்கேனும் குடல் உள்நோக்கிச் சோதனையும் மீண்டும் தேவைப்படலாம்.

பல ஆண்டுகள் கழித்தும் நினைவில் இருக்க வேண்டியது

சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் வைட்டமின் பி12ஐ உறிஞ்சுகிறது. அதை இழந்தவர்களுக்குக் கல்லீரலில் உள்ள சேமிப்பு தீரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அறுவையையே மறந்திருப்போம். அப்போது கால் எரிச்சல், விரல்களில் கூச்சம், நாக்குச் சிவப்பு, நடையில் தள்ளாட்டம் என்று வரும். சர்க்கரை நோய் என்றோ வயது என்றோ நினைத்துவிடுவார்கள். காசநோய்க்குத் தரும் ஐசோநயாசிட் மருந்தும் இதே போன்ற கூச்சத்தை உண்டாக்கும் என்பதால்தான் அதனுடன் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரையும் கொடுக்கிறார்கள். எனவே ஆண்டுக்கு ஒரு முறை பி12 அளவைப் பரிசோதித்து, குறைந்தால் ஊசியாகவே போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவு மாத்திரையை விழுங்கினாலும், அதை உறிஞ்சும் இடம்தான் இல்லையே. நான் ஒவ்வொரு பொங்கல் கழிந்த வாரத்திலும் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன்.